பெயர் மறைத்த ஊர்கள்: தஞ்சைச் சிற்றூர் ஆய்வுகள் இரண்டு பற்றிய திறனாய்வு

களம் என்னும் சொல் போர் நிகழும் இடத்தையும் நெல் அடிக்கும் இடத்தையும் ஒருங்கே குறிப்பது. தொல்காப்பியர் வாகைத்திணைக்கண் உழவர் களவழியையும் வீரர் களவழியையும் அடுத்தடுத்து வைத்து ஓதினார். நாம் இன்று வழங்கும் ‘கள ஆய்வு’ என்னும் தொடர் பிறமொழித் தொடரொன்றின் பெயர்ப்பே. ஆயினும் அது தமிழில் வந்து அமர்ந்தபின் இவ்விரு பொருளின் நிழலும் அதன்மேற் படிந்துவிட்டது. தஞ்சை நாட்டில் அடித்த நெல் களத்திலிருந்து நேரே உடையவன் வீட்டுக்குப் போவதில்லை. தூற்றி முடித்ததும் களத்துமேட்டிலேயே கூலியும் பங்கும் அளந்து பிரிப்பர். களத்திலிருந்து செய்தி கொண்டுவரும் ஆராய்ச்சியாளன் அங்கு எதனை அளந்து கொடுத்து வருகிறான் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தமிழ்த் துறைகளில் ஏட்டுச்சுவடியொடு நின்ற ஆராய்ச்சி, நாட்டார் வழக்காற்றியல் பாடமாக வந்தபின், ஊர்களுக்குட் புகுந்தது. சுவடியைப் பிரித்தால் சுவடி நாணுவதில்லை, பொய் கூறுவதுமில்லை. மனிதரோ இரண்டும் செய்வர். அவ்வாறு செய்தற்குத் தக்க காரணமும் அவர்க்கு உண்டு. இதனை நமக்கு முன் நேரிற் கண்டவர் மானிடவியலாரும் சமூகவியலாரும் ஆவர். அவருள்ளும் காவிரி நாட்டில் இருந்து எழுதிய இருவர் நூல்கள், காத்லீன் கஃப் அம்மையார் எழுதியவையும் ஆந்திரே பெத்தேய் எழுதியதும், நம் மாணவர் கையிற் பெரிதும் புழங்குகின்றன. அவற்றிலிருந்து முடிபுகளை எடுத்து ஆள்வோர் பலர். அம்முடிபுகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்று பார்ப்போர் சிலரே.

இவர்க்கு முன்னிருந்த முறையைச் சிறிது நினைந்து செல்வோம். சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியார் துணையுடன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளவுகோலும் கருவியும் கொண்டு தலையையும் மூக்கையும் அளந்தவர் அவர். தம்முள் எழில் மிக்கவரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று வயநாட்டுப் பணியர் மகளிர் அஞ்சியதை அவரே நகைச்சுவையாக எழுதிவைத்துள்ளார். அம்மகளிர் அச்சத்தை அறியாமை என்று நாம் தள்ள வேண்டுவதில்லை. அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து உடலை அளந்து குறித்துச் செல்கிறார். அவர் அடுத்து என்ன செய்வார் என்று அவர்க்கு எடுத்துச் சொன்னவர் யார்? அவர்கள் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு ஊகித்தனர். ஊகம் பெரிதும் பிழையன்று.

இனிப் பெத்தேய் நூலுக்கு வருவோம். ‘சாதி, வகுப்பு, அதிகாரம்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1965இல் வெளிவந்த அந்நூல், 1961–62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி அவர் நிகழ்த்திய ஆய்வின் பயன். ஊருக்கு அவர் இட்ட புனைபெயர் சிறீபுரம். சாதி, நிலவுடைமை, ஊராட்சி அதிகாரம் ஆகிய மூன்றும் முன்னாளில் ஒருவர் கையிலேயே ஒருங்கு குவிந்திருந்தன என்றும், இருபதாம் நூற்றாண்டில் அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கின என்றும் அந்நூல் நிறுவுகிறது. கருத்து தெளிவானது, நடை செறிவானது. இத்துறையில் இதனினும் சிறந்த முதல் நூல் எழுதியவர் அரியர் என்றே கூறலாம்.

அவர் தங்கியது அக்கிரகாரத்தில், பிராமணர் இல்லமொன்றில். உடையிலும் உணவிலும் அவர்களை ஒட்டியே ஒழுகினார். இதனால் நேர்ந்த இழப்பையும் அவர் மறைக்கவில்லை: பிராமணரல்லாதார் ஓரளவு தயக்கத்துடனேயே பழகினர் என்றும், ஆதிதிராவிடர்க்குத் தாம் வடக்கேயிருந்து வந்த இன்னொரு பிராமணராகவே தோன்றியதாகவும், ஆதலின் அவர்களைப் பற்றிய செய்திகள் தரத்திற் குறைந்தவை என்றும் நூலின் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றார். பின்னர்த் தாமும் டி. என். மதனும் பதிப்பித்த 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில், களத்திற்பட்ட இடர்களைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார். இத்தகைய நேர்மை போற்றத்தக்கது.

போற்றியபின் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. குறையை முன்னுரையில் ஒப்புக்கொண்ட ஆசிரியர், நூலின் உள்ளே அக்குறைக்கு ஏற்பத் தம் நடையை மாற்றினாரா? மாற்றவில்லை. பிராமணர், பிராமணரல்லாதார், ஆதிதிராவிடர் என்ற மூன்று பிரிவினரும் ஒரே உறுதியான குரலில் பேசப்படுகின்றனர். அக்கிரகாரத்தைப் பற்றிய வாக்கியம் திண்ணைப் பேச்சைப் பல மாதம் கேட்டவர் எழுதியது. சேரியைப் பற்றிய வாக்கியம் அங்குச் சென்று திரும்பியவர் எழுதியது. இரண்டும் அச்சில் ஒரே எழுத்தளவில் நிற்கின்றன. படிப்பவர்க்கு வேறுபாடு புலப்படாது. பழைய உரையாசிரியர் பாடம் ஐயத்திற்கு இடமானபோது ‘என்பாரும் உளர்’ என்று அவ்விடத்திலேயே குறிப்பர். ஐயம் அனைத்தையும் பாயிரத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு நூல் முழுதும் ஐயமின்றிச் செல்லுதல் அவர்க்கு வழக்கமன்று.

இருந்து பார்த்த இடம் காட்சியை மாற்றும் என்பதைச் சோன் மென்செர் அம்மையார் 1974இல் எழுதிய கட்டுரை பொதுநிலையில் எடுத்துக் கூறிற்று. சாதியமைப்பை மேலிருந்து நோக்குவார்க்கு அது ஒருவர்க்கொருவர் உதவும் ஒழுங்காகவும், கீழிருந்து நோக்குவார்க்கு உழைப்பைப் பறிக்கும் ஏற்பாடாகவும் தோன்றும் என்பது அவர் கருத்து. எனினும் சேரியில் ஆராய்ந்தால் உண்மை தானே வந்து விழும் என்று கொள்ளுதலும் ஆகாது. செங்கற்பட்டு மாவட்டத்து எண்டாவூரில் ஆதிதிராவிடரிடமே தம் ஆய்வை நடத்திய மைக்கேல் மொபட், மேற்சாதியார் கொண்ட உயர்வு தாழ்வுக் கொள்கையையே அவர்களும் தம்முள் படியெடுத்து வாழ்கின்றனர் என்று 1979இல் எழுதினார். அதனை மறுத்தவர் பலர். அந்நியர் ஒருவர் வந்து கேட்கும்போது ஊரார் ஒப்பும் விடையைச் சொல்லுதல், காலமெல்லாம் அடங்கி வாழ்ந்தவர்க்குப் பழகிப்போன தற்காப்பு. ஆதலின் தங்கிய இடம் பாதி. கேட்ட வினாவும் கேட்ட காலமும் மறுபாதி.

காலத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இதனை நம் ஆய்வாளர் போதிய அளவு நோக்கியதாகத் தோன்றவில்லை. கஃப் அம்மையார் தஞ்சையில் இருந்தது 1951 முதல் 1953 வரை. வடமேற்கே ஓர் ஊரும் கிழக்கே ஓர் ஊரும் எடுத்து, அவற்றுக்குக் கும்பப்பேட்டை, கிரிப்பூர் எனப் புனைபெயர் இட்டார். அவர் இங்கு இருந்த நாட்களிலேயே, 1952இல், தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகையாளரையும் பண்ணையாளையும் காக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. பெத்தேய் தங்கியிருந்த காலத்தையொட்டியே, ஒரு குடும்பம் 30 தர ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தல் கூடாது என்னும் 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் வந்தது.

இந்நிலையில் ஒருவர் குறிப்பேட்டுடன் தெருவுக்குட் புகுந்து, ‘உமக்கு நிலம் எவ்வளவு? யாரிடம் குத்தகை? எத்தனை ஆண்டாகப் பண்ணையில் இருக்கிறீர்?’ என்று கேட்டால், அவ்வினா அறிவு வேட்கையால் எழுந்தது என்று ஊரார் எங்ஙனம் கொள்வர்? நிலமுடையவர்க்கு அது வரம்பைத் தாண்டிய நிலத்தைக் காட்டிக்கொடுக்கும் வினா. உழுபவர்க்கோ, ‘ஆம், யான் பண்ணையாள்’ என்று சொன்னது மிராசுதார் காதுக்கு எட்டினால் மறுநாளே வெளியேற்றப்படலாம் என்னும் அச்சத்தைத் தரும் வினா. மகன் பேரில், மருமகன் பேரில், கோயில் பேரில் என்று நிலம் பெயர் மாறிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த நிலக்கணக்கை நாம் அக்காலத்து உண்மையாகவே எடுத்தாளுகின்றோம். அது அக்காலத்து அச்சத்தின் கணக்கும் ஆகும். கள ஆய்வில் அறமும் முறையும் வேறு வேறல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை: தன் விடையால் தனக்குக் கேடு வாராது என்று நம்பாத ஒருவன் தரும் விடை, ஆய்வுக்கும் பயன்படாது.

வள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில் அரசர்க்குரிய கருவியாக வைத்தார். அறிஞர்க்கு அதனை அவர் வைக்கவில்லை. ஆராய்ச்சியாளராக வேடம் பூண்டு முதல் உலகப் போர்க்காலத்தில் உளவு பார்த்தோரைக் கண்டித்துப் பிரான்சு போவாசு 1919இல் ஓர் இதழுக்கு எழுதினார். அவர் சார்ந்த அமெரிக்க மானிடவியற் கழகம் உளவு பார்த்தோரை விடுத்து அவரையே கண்டித்தது. அக்கண்டனத்தை அக்கழகம் திரும்பப் பெற்றது 2005இல். இடையே 1971இல், ஆராயப்படும் மக்கள் நலனையே முதற்கடமையாகக் கொள்ளும் ஒழுக்க விதிகளை அது வகுத்தது. விதி எழுந்தபின்னும் பூசல் ஓயவில்லை என்பதை மட்டும் கூறி மேற்செல்வேன்.

கஃப் அம்மையாரின் தனிச்சிறப்பு, அவர் தம் குறிப்புகளைத் தாமே மீண்டும் வழக்காடியது. 1955லும் 1960லும் அவர் எழுதிய கும்பப்பேட்டைக் கட்டுரைகள், உறவுமுறை, சாதிக்கடன், ஊர்க்கட்டுப்பாடு என்று அக்காலத்துக் கேம்பிரிட்சு முறையிற் செல்வன. 1968இல் அவர், மானிடவியலார் தாம் ஆராய்ந்த மக்களை ஆண்ட பேரரசுகளை ஆராயாது விட்டனர் என்று வெளிப்படையாகக் குற்றஞ் சாட்டினார். அக்குற்றச்சாட்டுக்குத் தம்மையும் விலக்காக்கவில்லை. 1976இல் மீண்டும் அவ்வூர்களுக்கு வந்தார். 1981இல் வெளிவந்த பெருநூலில் பழைய குறிப்புகளே, வெள்ளையர் ஆட்சி, நிலவரி, கூலி, உழவர் இயக்கம் என்னும் புதிய வினாக்களுக்கு விடை சொல்லுகின்றன. முப்பது ஆண்டுக்கு முன் நேர்மையாகவும் நுணுக்கமாகவும் எழுதிவைத்ததனாலன்றோ அது இயன்றது? கொள்கை மாறியது, குறிப்பு நின்றது. முடிபை மட்டும் எழுதிக்கொண்டு மூலக் குறிப்பைக் கிழித்தெறியும் நம் மாணவர் இதனைக் கருதுக. ஆனால் அப்பெருநூலின்மேலும் எனக்கு ஒரு குறையுண்டு. வினாக்கள் அனைத்தும் ஆசிரியருடையவை. அவ்வூர் உழவர் அவரிடம் என்ன கேட்டனர் என்பதற்கு அதில் இடம் சிறிதே.

தஞ்சை என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். இவ்விரு ஆசிரியரும் அக்கிரகாரம் ஓங்கிய பழைய பாசன ஊர்களைக் கொண்டே பெரிதும் தஞ்சையை எழுதினர். பூதலூர்ப் பக்கத்தில் மேட்டூர் அணையொடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாய், மக்கள் வழக்கிற் ‘புது ஆறு’, பாயும் நிலங்களின் வரலாறு வேறு. வானத்தை நோக்கிய மேட்டு நிலத்துக்கு ஆற்று நீர் வந்த கதை அங்குள்ள முதியோர்க்குத் தந்தையர் வாய்மொழியாகத் தெரியும். அவ்வூர்களில் நிலம் யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது என்பதைக் கும்பப்பேட்டையையோ சிறீபுரத்தையோ கொண்டு அளத்தல் ஒவ்வாது. அந்நூல்களின் தலைப்பிலும் மேற்கோளிலும் ‘தஞ்சைச் சிற்றூர்’ என்று வருமிடமெல்லாம் ‘ஒரு தஞ்சைச் சிற்றூர்’ என்று படித்தல் நலம்.

புனைபெயருக்கு வருவோம். ஊரையும் ஆளையும் பெயர் மாற்றி எழுதுதல் மானிடவியலாரின் வழக்கு. தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. அகத்திணையில் தலைமக்கள் இயற்பெயர் சுட்டப்பெறார். பெயர் சுட்டினால் அது புறமாகும். ஒருவர் உள்ளத்து நிகழ்ச்சி ஊரறியும் செய்தியாகாமல் காக்கும் எல்லை அது. ஆயினும் பெயரை நீக்கினாற் போதுமா? நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. ஆனால் வேலின் தலையில் வேம்பு சூட்டிய குறிப்பு ஒன்று இருத்தலின், பாண்டியன் அடையாளம் வெளிப்பட்டது, ஆதலின் அது புறம் என்றார் நச்சினார்க்கினியர். சிற்றூர் ஆய்வு நூல்களில் வேப்பம்பூ ஒன்றன்று, நூறு உண்டு. மாவட்டம், ஆறு, கோயில், தெருக்களின் அமைப்பு, ஒவ்வொரு சாதியின் வீட்டுக்கணக்கு ஆகியவற்றைத் தந்தபின் பெயரை மட்டும் மறைத்தால், தொலைவில் உள்ளார்க்கே அது மறையும். ஊராரும் அண்டை ஊராரும் ஒரு பக்கம் படித்தவுடனே அறிந்துகொள்வர். யாரிடமிருந்து காக்க வேண்டுமோ அவர்க்கு வெளிப்படையாய், யாரிடம் மறைக்க வேண்டுவதில்லையோ அவர்க்கு மறைவாய் நிற்கும் பெயர் இது. (அவ்வூர்களின் மெய்ப்பெயரை ஊகித்துக் கூறுவார் உளர், யான் கூறேன்.)

மறைத்தலால் இன்னொரு கேடும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட்டு சிலேட்டர் தம் மாணவரைக் கொண்டு ஆராய்ந்து 1918இல் வெளியிட்ட தென்னிந்தியச் சிற்றூர்கள் மெய்ப்பெயருடன் நிற்கின்றன. அவற்றுள் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. ஆதலின் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருட்டிணனும் 1930களில் மீண்டும் சென்று அவ்வூர்களை ஆராய முடிந்தது. அவ்வாய்வு 1940இல் நூலாயிற்று. பாலக்குறிச்சிக்கு நம் காலத்திலும், 2019இல், ஆய்வாளர் சென்றுள்ளனர். கும்பப்பேட்டைக்கு மீண்டும் செல்லும் உரிமை, நூலின்படி, கஃப் அம்மையார்க்கே உரியது. பிறர் சரிபார்க்க இயலாத கூற்றை நாம் சுவடியியலில் ஏற்பதில்லை.

தம் பெயர் மறைய வேண்டாத ஊர்களும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரிந்து மாண்டனர். கூலி கேட்டதன் விளைவு அது. பெத்தேய் நூல் வெளிவந்து அப்போது மூன்று ஆண்டே ஆகியிருந்தது. மாவட்டமும் அதே தஞ்சை. அவ்வூரைப் புனைபெயரால் எழுதுக என்று யாரேனும் சொன்னால் அவ்வூரார் பொறுப்பரா? இறந்தோர் பெயர் ஒவ்வொன்றும் அங்கே கல்லில் உள்ளது. பெயரை மறைப்பதும் அறம், பெயரை உரைப்பதும் அறம். எதனை எங்குச் செய்வது என்பதை உரியவரைக் கேட்டறிதல் வேண்டும், நூலகத்திலிருந்து முடிவு செய்தல் ஆகாது.

பிறர் நூலை இவ்வளவு ஆராய்ந்தவன் தன் பிழையையும் கூறுதல் முறை. பல ஆண்டுகளுக்கு முன், பூதலூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் யான் ஒப்பாரிப் பாடல்கள் திரட்டினேன். கணவனை இழந்த அம்மையார் ஒருவர், பதினாறாம் நாள் கழிந்தபின் எனக்காக மீண்டும் பாடினார். பாட்டில் கொழுந்தன் பங்கு பிரித்த கதை வந்தது. வரப்பை நகர்த்திய செய்தியும் வந்தது. இசைவு கேட்டேன், ‘எழுதிக்குங்க’ என்றார். யான் பாட்டை ஊர்ப்பெயரோடும், இன்னார் மனைவி என்னும் உறவுக் குறிப்போடும், ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் அச்சிட்டேன். இடமும் சூழலும் தெளிவாகத் தந்த நல்ல பதிப்பு என்று அதனைப் பாராட்டினர். அவ்வூர்ப் பையன் ஒருவன் கல்லூரியில் அத்தொகுப்பைப் பாடமாகப் படித்து ஊரில் வாசித்துக் காட்டினான். பங்காளிகள் இரண்டு ஆண்டு அவ்வீட்டு நல்லது கெட்டதற்கு வரவில்லை.

மீண்டும் சென்றபோது அம்மையார் என்னைச் சினந்துகொள்ளவில்லை. ‘பொணத்துக்கு முன்னால பாடுனா அது அழுகை சார், பொஸ்தகத்துல போட்டா அது பிராதுல்ல’ என்றார். ஒப்பாரி இலக்கணம் பற்றி யான் படித்த கட்டுரைகளில் இதற்கு நிகரான கூற்றொன்று கண்டிலேன். சாவு வீட்டில் பெண் பாடும் குற்றச்சாட்டுக்கு ஊர் ஒரு காப்பு வழங்கியிருக்கிறது: அது கேட்கப்படும், ஆனால் எடுத்துரைக்கப்படாது. அக்காப்பை உடைத்தவன் யான். அவர் இசைந்தது பாடுதற்கும் எழுதுதற்குமே. அச்சேறிய பாட்டு எங்கெல்லாம் செல்லும் என்பதை அவர் அறியார், அறிந்த யான் சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்கு எவ்வாறு ஒருவர் இசைய முடியும்?

இதற்கு மாறான நெறியும் நம்மிடையே உண்டு. நா. வானமாமலையவர்கள் பதிப்பித்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் சேகரித்தவர் பெயரும் இடமும் பாட்டின் அடியில் நிற்றல் காணலாம். சேகரித்தோர் உழைப்பைப் பதிப்பாசிரியர் தமதாக்கிக்கொள்ளவில்லை. புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாள் என்னும் உழவுத் தொழிலாளி தம் வாழ்வைச் சோசியான் ரசீன் அம்மையாரிடம் பல்லாண்டு தமிழில் உரைத்தார். பாட்டுத் திரட்டச் சென்ற இடத்திலேயே அப்பழக்கம் தொடங்கிற்று. 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்த அந்நூலில் வீரம்மாள் பெயர் ஆசிரியர் வரிசையில் முதலாவதாக உள்ளது. தகவலாளி என்று நாம் வழங்கும் சொல் அங்குத் தேவைப்படவில்லை. ஆயினும் அந்நூலிலும் எதனை முன்வைப்பது, எதனை விடுவது என்று தொகுத்தவர் கை வேறு என்பதை மறத்தலாகாது.

பூதலூரில் யான் அண்மையில் நடவுப் பாட்டுக் கேட்கச் சென்றபோது, பழைய பிழையை நினைந்து, பாடுவோர் பெயரை அச்சிடேன் என்று முன்னரே உறுதி கூறினேன். ஓர் அம்மையார் அதனை ஒப்பவில்லை. ஒளிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்றார். ஆனால் தம் பெயரையும் அவர் கேட்கவில்லை. பாட்டைத் தமக்குக் கற்பித்த தம் தாயின் பெயரையே போடச் சொன்னார். அத்தாயை எங்கள் குறிப்பேடு எதுவும் அறியாது. வினாப்படிவத்தில் பாடியவர் பெயர், அகவை, சாதி, கல்வி ஆகியவற்றுக்குக் கட்டம் இருந்தது; கற்பித்தவர்க்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அச்சில் அப்பாட்டின் அடியில் அப்பெயர் வரும். தெருவும் கொழுந்தனும் வாரா. படி ஒன்று அவர் கைக்குச் சென்ற பின்னரே மெய்ப்புத் திருத்தம் அச்சகத்துக்குப் போகும் என்று சொல்லி வந்துள்ளேன். அவர் பேத்தி வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.